மூச்சு வாங்கும் வேலைகள்

சிதம்பரம் ஆஸ்பத்திரி அறையில் அன்றைக்கு இருந்தவர்கள்: டாக்டரம்மா. என் பெண்சாதி. காலேஜ் படிக்கிற எங்கள் மகள். பெண்சாதியின் தம்பி. கட்டிலில் நான், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் டாக்டரம்மா ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதி அடியில் கோடு போட்டார். ஸ்ட்ரெனுவஸ். அந்த மாதிரி வேலை மூன்று மாதம் கூடாதாம். நான் கடலூர் முதுநகரில் மூட்டை தூக்குகிறவன். எட்டாவதோடு சரி.

“அப்படின்னா என்னாம்மா?”

“உடம்ப வருத்தி செய்யற வேலைங்க. மூச்சு வாங்கும், அடிவயிறு இறுகும். அப்படி இருந்தா விட்டுடுங்க.”

“மூச்சு வாங்குதான்னு யாரு சொல்றது?”

“நீங்கதான்.”

நல்ல வார்த்தை என்று பட்டது.

வீட்டில் முதல் வாரமே அந்த வார்த்தை பழகிவிட்டது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி. இவற்றில் தகராறு இல்லை. பிறகு பாய் சுருட்டுவது. கொசுவலை கட்டுவது. முருங்கைக்கீரை ஆய்வது. பண்ருட்டியில் கொழுந்தியாள் வீட்டுக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் கை வைத்து இரண்டு மூச்சு விட்டேன். பெண்சாதி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதிக்கொண்டாள்.

ஒரு நாள் சொன்னாள்: “வேலை என்னா வேலை. நீங்கதான் ஸ்ட்ரெனுவஸ்.”

மகள் திருத்தினாள். “வேலைக்குத்தாம்மா அத சொல்லுவாங்க. ஆளுக்கு சொல்லக்கூடாது.”

“உங்கப்பாவ கட்டிக்காதவங்க எழுதுன புஸ்தகமா இருக்கும்.”

மூன்று மாதம் முடிந்த நாலாம் நாள் மாசி மகம். எங்கள் தெருச் சாமியைத் தோளில் தூக்கித் தேவனாம்பட்டினம் கடலுக்குக் கொண்டுபோவோம். பல்லக்கின் முன்தண்டில் இடது பக்கம் என் இடம். அதற்கு முன் என் அப்பா இடம். அலை காலில் படும்போது தண்டில் யார் தோள் இருக்கிறதோ, அடுத்த வருஷமும் இடம் அவனுக்கு. எங்கள் தெரு வழக்கம் அது. ஒரு வருஷம் விட்டால் போனது போனதுதான். இந்தத் தடவை தண்டு தனக்குத்தான் என்று மச்சான் தோளுக்குப் புதுத் துண்டு வாங்கிவைத்திருந்தான்.

மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்சாதி தாளை எடுத்தாள்.

“கீரை ஆயவே மூச்சு வாங்குது. சாமிய எப்படி தூக்குவீங்க?”

“அது சாமி. கனக்காது.”

“பாய் மட்டும் கனக்குதாக்கும்.”

மச்சான் சொன்னான்: “மாமா, நீங்க பின்னால மூச்சு வுட்டுகினே வாங்க. நான் தூக்கிக்கிறேன்.”

“உன் துண்ட மடிச்சு வையி மச்சான்.”

பெண்சாதி முடிவாகச் சொன்னாள். “தாள்ல இருக்கற அத்தனையும் நாளைக்கு பொழுதுக்குள்ள செய்யுங்க. ஒரு மூச்சு சத்தம் கேட்டாலும் தண்டு என் தம்பிக்கு.”

விடிந்ததும் ஆரம்பித்தேன். குடம் எடுத்தேன். சிலிண்டர் மாற்றினேன். கீரை மூன்று கட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒரு கட்டே போதும், மீதி வேண்டுமென்றே. மச்சான் என் மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டே சுற்றினான். பண்ருட்டிக்கும் பஸ்ஸில் கூடவே வந்தான். கொழுந்தியாள் ஒரு மணி நேரம் பேசினாள். மூச்சுச் சத்தத்துக்குப் பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. என்னை நல்ல மனுஷன் என்று புகழ்ந்தாளாம்.

சாயங்காலம் பெண்சாதி கடைசி வரியையும் அடித்தாள்.

“ரோடு பூரா தம்பி தூக்கட்டும். மணல்ல இருந்து நீங்க.”

மணலில்தான் கால் புதையும். பாரம் ஜாஸ்தி. தெரிந்துதான் கொடுத்தாள்.

மறுநாள் கடற்கரையில் மச்சான் தண்டை விட்டு விலகினான். நான் தோள் கொடுத்தேன். பெண்சாதி பக்கத்திலேயே நடந்து வந்தாள், என் முகத்தைப் பார்த்தபடி. மூச்சு வாங்கியது. மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அலை காலில் படும் வரை எண்ணினேன்.

நூற்றுப் பன்னிரண்டு அடி.