எத்தனை மணித்தியாலம்?

பட்டப்படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். அந்தக் காலத்தில்தான் வாவிக்கரைப் பண்ணைகளில் இறால் செத்து மிதக்கத் தொடங்கியது. தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு முற்றம் வரைக்கும் நாறியது. வைரஸ் என்று எல்லோரும் சொன்னார்கள். கண்ணால் கண்டவர் யாருமில்லை. அதைக் காண இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். எங்கள் பக்கம் அது கிடையாது. காணும் ஆளாக நான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். வெளிநாடுகளில் வைரஸ்களை அப்படிப் பார்த்து ஆராயும் துறைக்கு ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கும் அறிவித்தல்களைத் தேடித் தேடி வாசித்தேன்.

என் பேராசிரியை கொழும்பில் அந்த நுணுக்குக்காட்டி இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் நாள் வாங்கித் தந்தார். இறாலின் செவுளை நறுக்கி, மருந்திலிட்ட குப்பிகளோடு காலை ரயிலேறினேன். ஐஸ் பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

அங்கே இயந்திரத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"பம்ப் பழுது, தங்கச்சி," என்றார் அதை இயக்குபவர். "சாமான் வெளிநாட்டில இருந்து வரவேணும். டொலர் இல்லையெண்டு நிப்பாட்டிக் கிடக்கு."

"எப்ப வரும்?"

"எனக்கும் தெரியா."

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, துணியை விலக்கி நாற்காலியில் உட்காரச் சொன்னார். எந்தக் குமிழ் எதற்கு என்று காட்டினார். ஒன்றைத் திருகிப் பார்த்தேன். இலேசாகத்தான் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

சில மாதங்களில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழி நேர்முகத்துக்கு அழைத்தது. எங்கள் வாவியைப் பற்றி நான் பேசியதை நேர்முகம் செய்த மூவரும் கவனமாகக் கேட்டார்கள். கடைசியில் ஓர் அம்மையார், நீங்களே அந்தக் கருவியை எத்தனை மணித்தியாலம் இயக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மணித்தியாலமும் இல்லை என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

பதில் வந்த அன்று அப்பா வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் மகள்?"

"இல்லையாம். பழக்கமுள்ள ஆக்களத்தான் எடுப்பாங்களாம்."

"அங்க போனாத்தானே பழகலாம்?"

"ஓம் அப்பா."

அதற்குப் பிறகு நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கிலும் அதே கேள்வி. ஐந்தாவதை நிரப்பிக்கொண்டிருந்தபோது களுவாஞ்சிக்குடியில் அரச நியமனம் கிடைத்தது. வெள்ளத்தில் நெல் அழிந்தவர்களின் படிவங்களைச் சரிபார்க்கும் மேசை என்னுடையது.

போன மாதம் பேராசிரியை அழைத்தார்.

"மெஷின் சரியாகிட்டாம், புள்ள. புதுசா சாம்பிள் எடுத்துக்கிட்டுப் போவமா? ஒரு கிழம நிண்டா கொஞ்சம் பழகியிரலாம்."

"ஏலாது மேடம். வேல இன்னும் நிரந்தரமாகல்ல. ஒரு கிழம லீவு தரமாட்டாங்க."

ஒருமுறை வற்புறுத்துவார் என்று காத்திருந்தேன்.

"சரிதான். இருக்கிற வேலைய விட்டிராத," என்றார்.

அவரும் அப்படிச் சொன்ன பிறகு, போகவா வேண்டாமா என்று எனக்கு வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.