கட்டில், இரும்பு, ஒன்று

நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு தலைப்பை மாற்றியது. சனிக்கிழமை காலை, தேஹு ரோடு வீட்டில். பதினான்கு நிமிடம் ஆனது.

அப்பா பெயர் கலியன். விழுப்புரம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில், மராத்தி பேசும் ஊரிலிருக்கும் தேஹு ரோடு ராணுவ டெப்போவுக்கு ஸ்டோர்கீப்பராக வந்தார். முப்பத்தெட்டு வருடம் அதே வேலை. அம்மா போன மறுவருடம் ஓய்வு பெற்றார். அதன்பின் வலைப்பூ எழுத ஆரம்பித்தார். மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள். ஒரு பதிவை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடுவார். தலைப்புக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நாலைந்து தலைப்புகளை எழுதி, நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பார். தண்ணீர் லாரி பற்றிய பதிவுக்கு 'வராதவன் வந்த நாள்' என்று வைத்தார். தண்ணீர் லாரியைத் தேடும் யாரும் அங்கே வந்து சேரவில்லை.

எனக்கு அதே ஊரின் ஹிஞ்சேவாடியில் வேலை. இணையப் பக்கங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது. தலைப்பை மாற்றுவது அதில் பாதி.

அன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பதிவு பதினோரு மாதம் பழையது. ஸ்டீபனைப் பற்றியது. 1984இல் அப்பாவுக்கும் அவருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரே அறை. அறைக்கு ஒரே ஒரு இரும்புக் கட்டில். ஸ்டீபனுக்கு டெப்போவின் தீயணைப்புப் பிரிவில் இரவு வேலை. அப்பாவுக்குப் பகல் வேலை. அதனால் கட்டில் போதுமானதாக இருந்தது. ஞாயிறு மட்டும் இருவரும் அறையில் இருப்பார்கள். அன்று ஸ்டீபன் கட்டிலை அப்பாவுக்கு விட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயில் படுத்துக்கொள்வார். நாலு வருடம் இப்படி. பிறகு ஸ்டீபனுக்கு மாற்றல் வந்தது. பாயை விட்டுவிட்டுப் போனார். இரண்டு கடிதம் வந்தது. அப்பா போட்ட மூன்றாவது கடிதம் திரும்பி வந்தது.

அப்பா அந்தப் பதிவை எழுதியது ஸ்டீபன் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மட்டுமே. வைத்த தலைப்பு: 'ராத்திரி எனக்கு, பகல் அவருக்கு'. பதினோரு மாதத்தில் ஒன்பது பார்வைகள். அதில் ஆறு என்னுடையவை.

"இதை யாருப்பா தேடுவாங்க?"

"தேடறவன் தேடட்டுமே."

"தேடறவன் 'ராத்திரி எனக்கு'ன்னா போடுவான்? போட்டா வேற என்னென்னமோ வரும்."

அப்பா சிரித்துவிட்டார். நான் 'தேஹு ரோடு டெப்போ குவார்ட்டர்ஸ், 1984' என்று அடித்துக் காட்டினேன்.

"இது தலைப்பாம்மா? நோட்டீஸ் போர்டு. படிச்சா கொட்டாவி வருது."

"வந்து படிச்சாதானே கொட்டாவி வரும்?"

எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்தார். பிறகு, "கட்டில், இரும்பு, ஒன்று," என்றார்.

டெப்போவின் பேரேட்டில் எதையும் அப்படித்தான் எழுதவேண்டும். முதலில் பொருள், பிறகு வகை, பிறகு எண்ணிக்கை. பிளாங்கெட், உல்லன், காக்கி, பத்து. தேடுகிறவன் முதலில் பொருளைத்தான் தேடுவான் என்பது அதன் காரணம். என் தொழிலின் முதல் விதியும் அதுதான்.

"ஸ்டீபண்ணனுக்கு இது தெரியும். பாத்தா சிரிப்பாரு. நீ உன் நோட்டீஸைப் பின்னாடி ஒட்டிக்கோ."

'கட்டில், இரும்பு, ஒன்று: தேஹு ரோடு டெப்போ குவார்ட்டர்ஸ், 1984.' சேமித்தேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, பதிவின் கீழே ஒரு பின்னூட்டம். 'அங்கிள், நான் ஆரோக்கியமேரி, ஸ்டீபனோட மகள். கட்டில்னு படிச்சதுமே அப்பா உங்க பேரைச் சொல்லிட்டாரு. கோர்படியில இருக்கோம்.' கூடவே ஒரு போன் நம்பர்.

நான் கம்பெனி வண்டியில் நெரிசலில் நின்றிருந்தபோது அப்பா போன் செய்தார்.

"கோர்படியாம்மா! இதே ஊரு! முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும்!"

"பேசினீங்களா?"

"பேசினேன். காது சரியா கேக்கல அவருக்கு. நான் கத்தினதுல பக்கத்து வீட்டு நாய் எழுந்துடுச்சு. முப்பத்தேழு வருஷம் கழிச்சு முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'டேய் கலியா, என் பாய் எங்கடா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நைஞ்சு போச்சுண்ணே, புதுசு கொண்டாரேன்னேன். ஞாயித்துக்கிழமை. அவங்க வீட்லதான் சாப்பாடு. நீயும் வா."

காரில் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு, பஜாருக்குப் போய் பாய் வாங்குவதற்காகச் சட்டை போட்டிருக்கிறார். இரண்டு பட்டன் போட்டு முடித்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மாரடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தபோது மணி பத்து நாற்பது. அப்போதும் நான் நெரிசலில்தான் இருந்தேன்.

கோர்படிக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது.

"அங்கிள், எங்க இருக்கீங்க? சோறு ஆறுது. அப்பா காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கறாரு."

சொன்னேன். ஆரோக்கியமேரி மெதுவாகச் சொன்னாள்.

"எங்க அப்பாவுக்கு டைப் பண்ண வராது சிஸ்டர். ரெண்டு வருஷமா டெய்லி சாயங்காலம் போனை வாய்கிட்ட வெச்சுகிட்டு 'தேஹு ரோடு குவார்ட்டர்ஸ்'னு கத்துவாரு. என்னென்னமோ வரும். வீடு வாடகை, லோன்னு. அன்னிக்கு அங்கிள் எழுதினது வந்துச்சு."

ஸ்டீபன் தினமும் சொன்ன மூன்று வார்த்தைகளையும் அப்பா பதிவை எழுதிய அன்றே நான் தலைப்பில் போட்டிருக்கலாம். பதிவைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லிப் பதினோரு மாதமும் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அடுத்த வாரம்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத கம்பெனிகளுக்கு அதைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன்.

நாலு வாரம் ஆகிறது. சனிக்கிழமைகளில் இப்போதும் தேஹு ரோடு வீட்டுக்குப் போகிறேன். பூட்டைத் திறக்கிறேன். ஒரு டம்ளர் டீ போடுகிறேன். பழக்கத்தில் தண்ணீர் இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன். பதிவை நூற்றுப்பன்னிரண்டு பேர் படித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் அந்த அறையின் நம்பரைக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது.

அந்தச் சட்டையின் பையில் ஒரு காலண்டர் தாள் மடித்து இருந்தது. பின்பக்கம் நான்கு வரி, அப்பாவின் கையெழுத்தில். பச்சரிசி, இரண்டு கிலோ. பல்பு, ஒன்பது வாட், ஒன்று. சோப்பு, மூன்று. கடையில் வாங்கியதும் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போடுவது அவர் வழக்கம். முதல் மூன்றுக்கும் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டிருக்கிறார்.

நான்காவது வரி: பாய், கோரை, ஒன்று. கோர்படிக்கு.