ஒரு எண் பிசகியபோது

ராஜபாளையத்தில் ஒரு கண் மருத்துவமனையின் அறிவிப்புகளை வெளியிடுவது என் வேலை. ஓரிடத்தில் எழுதிப் பட்டனை அழுத்தினால் இணையதளம், ஃபேஸ்புக், வாட்ஸப் சேனல் எல்லாவற்றிலும் ஒன்றாக வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் இலவச முகாமுக்கும் அப்படித்தான் செய்தேன். மறுநாள் மதியம்வரை முன்பதிவுக்கு ஒருவரும் அழைக்கவில்லை. சந்தேகப்பட்டு, அறிவிப்பிலிருந்த எண்ணை நானே அழைத்தேன்.

“கண்ணு கேம்ப்புக்கா? பேரும் ஊரும் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்றது ஒரு பெண் குரல்.

கடைசி இலக்கத்தை நான் தவறாகப் போட்டிருந்தேன். அவர் மகாராஜபுரத்தில் விவசாயம் செய்பவர். கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

“இருக்கட்டும்மா. மொதல்ல ஒரு பெரியவர்ட்ட ராங் நம்பர்னுதான் சொன்னேன். ‘கண்ணு தெரியலம்மா, தப்பா அமுக்கிட்டேன் போல’ன்னு எங்கிட்டயே மன்னிப்புக் கேட்டாரு. மனசு கேக்கல. பொறவு கூப்பிட்ட ஒருத்தர்ட்ட அறிவிப்ப வாட்ஸப்புல வாங்கிப் பாத்து, எல்லாருக்கும் வெவரம் சொல்லிட்டேன். பெரியவரையும் திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னேன்.”

முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை, அவரவர் தொலைபேசி எண்ணோடு அவர் நிதானமாக வாசித்தார்.

அறிவிப்பைத் திருத்த ஒரு நொடிதான் ஆனது. எல்லா இடத்திலும் மாறிவிட்டது. அந்தப் பெரியவரின் மனதில் மட்டும் மாறியிருக்காது. அவரை அழைத்து, “ஐயா, தப்பு உங்க கண்ணுல இல்ல, என்னோடது” என்றேன்.

மறுமுனையில் அவர் நிம்மதியாகச் சிரித்தது இன்னும் கேட்கிறது.