ஆர்மோனியம் நின்ற இடம்

மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றை ஓவியக்கூடமாக்கியிருக்கிறார்கள். ஊமைப்படம் போடுகிறார்கள் என்று போன வாரம் மகள் என்னை இழுத்துப்போனாள். சுவரெல்லாம் வெள்ளை. ஆனால் நுழைந்ததுமே சுக்கு நெடி. அதற்கு மேல் சுண்ணாம்பு பூச முடியாது, பாருங்கள். எனக்கு என் வீட்டுக்காரரின் சட்டை நினைவுக்கு வந்தது. இதே கிடங்கில்தான் மூட்டை எடை போட்டார். சாயங்காலமானால் பக்கத்து மாடியில் பாட்டும் கஸலுமாய் மெஹ்ஃபில் கூடும். அங்கே ஆர்மோனியம் வாசிப்பார்.

திரையில் வந்தது நான் முன்பே பார்த்த படம். ஒரு சிற்பி, தான் உயிராய் நேசிக்கும் பெண்ணை நாள்கணக்கில் குளிரில் நிற்கவைத்துச் சிலை வடிக்கிறான். சிலை முடியும்போது அவளும் முடிந்துபோகிறாள். கல்யாணமான புதிதில் இங்கேதான் பார்த்தேன். அன்று படத்துக்கு ஆர்மோனியம் வாசித்தது அவர்.

அதற்காக, படத்தின் கதையை மட்டும் கேட்டுவந்து, வீட்டில் அவர் நடத்திய கூத்தைக் கேளுங்கள். அடுப்படியில் நிற்பேன். ஆர்மோனியத்தோடு வந்து உட்கார்ந்து, "இப்படித் திரும்பிப் பாரு புள்ள. இன்னும் சங்கடமா" என்பார்.

"மீன் கரியுதுங்க."

"கரியட்டும்."

சங்கடத்துக்கு நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் முகத்தில் அவர் தேடியது அந்தப் படத்துக்காரியை. செத்துப்போகிறவள் மேல் எனக்குப் பொறாமை வேறு.

அவள் சரிந்து விழும் இடத்தில் அன்று ஆர்மோனியம் நின்றுபோனது. வாசிப்பதை மறந்து அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கில் சத்தமே இல்லை. நான் அழுதுவிட்டேன். படம் முடிந்ததும், ஊர் ஊராகப் படம் காட்டும் ஒருவர், அந்த நிறுத்தம்தான் பிரமாதம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது இவர் முகமே சரியில்லை. "கை நின்னுபோச்சு புள்ள. வாசிச்சத விட்டுட்டு வாசிக்காததப் பாராட்டுறாரு. பாவம்னு சொல்றாரோ என்னமோ. நீ சொல்லு, எப்படி இருந்துச்சு?"

அழவைத்தது அந்த நிறுத்தம்தான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கிளம்பிவிடுவார் என்பதும் தெரியும்.

"பசிக்குது, வேகமா நடங்க" என்றேன்.

அவர் போகவில்லை. மெஹ்ஃபிலுக்குப் போவதும் குறைந்து, மகள் பிறப்பதற்குள் ஆர்மோனியமும் யார் வீட்டுக்கோ போய்விட்டது. அந்தியில் மஃரிப் தொழுததும் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கு மீன்முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். கடைசிவரை எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

இன்று அவர் இல்லை. மெஹ்ஃபில் நடந்த மாடி தங்கும் விடுதியாகிவிட்டது. போன வாரம் திரையில் அவள் சரிந்து விழுந்தபோது, பதிவுசெய்த பியானோ நிற்காமல் வாசித்துக்கொண்டே போனது. எனக்குக் கண்ணீர் வரவில்லை.

"மியூசிக் கொள்ளாம், நல்லாருக்கு இல்லியாம்மா?" என்றாள் மகள்.

"அந்த எடத்துல நிறுத்தியிருக்கணும். உங்க அத்தா நிறுத்துனாரு."

அவள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அத்தாவுக்கு வாசிக்கத் தெரியுமா?"