மொட்டைத் தலைக்குப் பொருந்தாத மாஸ்க்

கதிர் சிகிச்சை மெஷினை ஓட்டுவது சுலபம். அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதுதான் உயிரை எடுக்கும். விளக்கிப் பிழைக்கிற தொழிலில் மாட்டிக்கொண்ட நண்பர்களே, என் தவிப்பு உங்களுக்குப் புரியும்.

இரண்டு நாளுக்கு ஒரே தடவை

திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு விஜயபுரத்திலிருந்து கன்னியம்மா வந்தார். தொண்டையில் புற்றுநோய். ஏழு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கதிர். கடலை பிடுங்கும் நேரம் என்பதால், இரண்டு நாளுடையதை ஒன்றாக வைத்துவிடச் சொல்லி அவர் கணவர் கெஞ்சினார்.

நான் விளக்கினேன். கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுந்துபோகும். நல்ல செல் மறுநாளைக்குள் பெரும்பாலும் அதைத் தைத்துக்கொள்ளும். கெட்ட செல்லுக்கு அந்தத் தையல் அவ்வளவாக வராது. ஒரேயடியாக வைத்தால் நல்லதும் சேர்ந்து சாகும். நடுவில் நாள் தவறினால் கெட்டது தேறிக்கொண்டு பெருகும். கணவர் தலையாட்டிவிட்டார். கன்னியம்மாதான் மெஷினையே பார்த்தார்: "தையலு வராத செல்லு எதுன்னு அதுக்கு எப்டி நைனா தெரியும்?"

ஒரு கை உப்பு

கதிர் பட்டால் வாய் புண்ணாகும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தேன். சீக்கிரம் ஆறட்டும் என்று கன்னியம்மா கைநிறைய அள்ளிப் போட்டிருக்கிறார். வாயைத் திறக்க முடியவில்லை. சாப்பாடு இறங்காவிட்டால் சிகிச்சையே நின்றுபோகலாம்.

வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும், இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர், மாங்காயில் உப்பு போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா என்றேன். பல்லைக் கடித்தபடியே சொன்னார்: "இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா ஊறுகாவே ஆய்ட்டிருப்பேன் நைனா."

திங்கட்கிழமை

கதிர் வைக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்காக அவரவர் முகத்துக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் வலை மாஸ்க்கை மாட்டி மேஜையோடு பூட்டுவோம். நான்காவது வாரம் திங்கட்கிழமை கன்னியம்மா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார். சனி ஞாயிறு லீவில் மலைக்குப் போய் வந்திருக்கிறார். அடர்ந்த முடியோடு அச்செடுத்த மாஸ்க் லொடலொடவென்று ஆடியது. புது மாஸ்க், புது ஸ்கேன் என்று மூன்று நாள் போய்விடும். அந்த மூன்று நாளில் கெட்ட செல் தேறிக்கொண்டு பெருகும்.

"நுவ்வு செப்பலேதா?" என்று டாக்டர் தெலுங்கில் பாய்ந்தார். சொல்லவில்லைதான். சோப்பு போடாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள் என்றெல்லாம் சொன்னவன், தெருவெல்லாம் மொட்டை நடமாடும் ஊரில் இருந்துகொண்டு இதை மறந்துவிட்டேன். பின்கழுத்தில் கொஞ்சம் முடி கொட்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதுதான் வினையாகிவிட்டது. குணமான பிறகு கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "முடி குடுக்கறேன்னு சாமிக்கு வேண்டிக்கினேன். எல்லாம் கொட்டிப்போச்சின்னா அப்புறம் இன்னாத்த நைனா குடுக்கறது?"

மூன்று மாதம் கழித்து

விட்டுப்போன மூன்று நாளையும் சனிக்கிழமைகளில் மெஷினை ஓட்டி ஈடுகட்டினோம். ஆனாலும் எனக்கு நிம்மதியில்லை. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டர் பார்த்தபோது வாசலிலேயே நின்றேன். "இப்போதைக்குக் கட்டி எதுவும் தெரியவில்லை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கன்னியம்மா வெளியே வந்து, புதிதாக முளைத்திருந்த முடியைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இப்போதிக்குன்னா இன்னா நைனா? முடிய வளக்கட்டுமா, மறுபடியும் வேண்டிக்கட்டுமா?"

செல்லுக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கும் நான், அதற்கு மட்டும் டாக்டர் அறையைக் கைகாட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.