நாய்க்குப் போன பெயர்

எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் வளர்ந்த நாய்க்கு நான்தான் பெயர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடை இருந்தது. அதற்குள் செம்மண் நிறத்தில் ஒரு பெண் குட்டி, பஸ்ஸில் வந்த பயம் தீராமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கேளம்பாக்கத்தில் இருக்கும் அப்பாவின் பழைய அலுவலக நண்பர் வீட்டு நாய் போட்ட குட்டி அது. தெருவில் இரண்டு வீடுகளில் தண்ணீர் மோட்டார் திருடு போனதிலிருந்து அப்பா நாய், நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பெயர் தேடினோம். அப்பா 'டைகர்' என்றார். "பொட்ட நாய்க்குப் போயி டைகரா?" என்று அம்மா சிரித்தாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் 'ஜூலி' என்றான். தெருவில் ஏற்கெனவே இரண்டு ஜூலிகள் இருந்தன. அண்ணி தோசைத் திருப்பியோடு சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தபடியே ஒரு பெயரைச் சொன்னேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சின்னப் பெயர், பெண் பெயர், கூப்பிடச் சுலபமானது. அவ்வளவு தெரிந்தால் போதும். அதை எடுத்துப் புழங்க எனக்கு உரிமை கிடையாது என்பது ரொம்பத் தாமதமாகத்தான் என் மண்டையில் ஏறியது.

அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குக் கிண்டியில் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அண்ணியை வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது, காலேஜ் கடைசி வருடத்தில் இருந்த என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை. அண்ணி என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். என்னை வாடா போடா என்றுதான் பேசுவார். எனக்கு எத்தனை அரியர் இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒருநாள் டாக்டரம்மா நல்ல வார்த்தை சொல்லியிருந்தார், அடுத்த மாதமே உண்டாகலாம் என்று. திரும்பும் வழியில் சப்வேக்குப் பக்கத்தில் கரும்புச்சாறு வண்டியைப் பார்த்ததும் அண்ணி என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சிரித்துக்கொண்டே நின்றார்.

"டேய், பொண்ணு பொறந்தா வைக்கறதுக்கு ஒரு பேர் யோசிச்சு வச்சிருக்கேன்டா. உங்கண்ணன்கிட்டகூட சொல்லல. முன்னாடியே வெளிய சொன்னா தங்காதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. உன்கிட்ட மட்டும் சொல்றேன். எவன்கிட்டயாவது உளறின, கொன்னுடுவேன்."

சொன்னார். அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்தேன். அடுத்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

அதன் பிறகு ஒரு நாள் நான் காலேஜுக்குப் போகாமல் ஒரு பெண்ணோடு சானடோரியம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அண்ணி பார்த்துவிட்டார். அவராகப் போய்ச் சொல்லவில்லை. அண்ணன் கேட்டான், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அண்ணன் அப்பாவின் முன்னாலேயே என் கன்னத்தில் ஒன்று விட்டு, வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டான். நாய்க்குட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, அறை வாங்கிப் பத்தாவது நாள். அண்ணியிடம் பத்து நாளாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெயர் வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் தவறவில்லை. அந்தக் குடும்பத்தில் அவருக்கென்று எது இருக்கிறது, எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அடித்தேன். அடிக்கும்போது நன்றாகவும் இருந்தது.

"அட, நல்லா இருக்கேடா! வாயில அழகா வருது," என்றாள் அம்மா. கூடைக்குள் குனிந்து மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தோசை கருகும் வாசனை வந்தது, அண்ணி உள்ளே போனார். அவர் அழுதிருந்தால், திட்டியிருந்தால், அண்ணனிடம் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் என் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சட்னி போதுமா, இன்னும் போடட்டுமா? சொல்லுங்க," என்றார். அதுவரை அவர் என்னிடம் 'சொல்லுங்க' என்று பேசியதே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த அந்த 'ங்க' இன்றுவரை நிற்கவில்லை.

மூன்று நாள்தான் என்னால் தாங்க முடிந்தது. சமையலறைக்குப் போய், "அண்ணி, பேரை மாத்திடலாமா?" என்று கேட்டேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கு? நாய் நல்லாத் திரும்பிப் பாக்குதே," என்றார். அந்த மாதம் ஊசிக்குப் போக வேண்டிய நாளில் அவர் கிளம்பவில்லை. உடம்பு சரியில்லை என்றார். அடுத்த மாதம், இனிமே வைத்தியமே வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அம்மா நாலு பேரிடம் புலம்பினாள். "அவளுக்கே ஆசை இல்ல, நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெயர் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. செருப்பைக் கடித்தால் அந்தப் பெயரோடு சனியனே என்று சேர்த்துத் திட்டுவார்கள். "கூடத்துல மூத்திரம் போய் வச்சிருக்கா, வந்து தொடைச்சுடும்மா," என்று நாயின் பெயரைச் சொல்லி, துடைக்க அம்மா அண்ணியைத்தான் கூப்பிடுவாள். அண்ணி பழைய துணியோடு வந்து குனிந்து துடைப்பார். சோறு வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர் வேலை. அதனால் நாயும் அவர் காலையே சுற்றிக்கொண்டு கிடந்தது. ஆனால் ஒரு தடவைகூட அவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அது 'இந்தா'தான். இல்லையென்றால் சோற்றுத் தட்டை இரண்டு தட்டு தட்டுவார். ஒருமுறை வெறிநாய்த் தடுப்பூசிக்காகத் தாம்பரத்தில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அட்டையில் எழுத கம்பவுண்டர் பெயர் கேட்டார். அண்ணி "நாய்" என்றார். "நாயின்னு தெரியுதும்மா, பேரு இன்னா?" என்றார் அவர். அண்ணி மறுபடியும் "நாய்" என்றார். கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினார். "பேரே வைக்கலியா? அது உன்கு பொண்ணு மாரி ஒட்டிக்கினு கீது," என்றார். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது வருடம் அது நான்கு குட்டி போட்டது. அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். பெயரைச் சொல்லி, "அவளுக்கு சுகப்பிரசவம், நாலும் நல்லா இருக்கு," என்று சிரிப்பாள். பிறகு குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "நாய்க்குக் குடுத்து வச்சிருக்கு, இங்க மனுஷிக்குக் குடுத்து வைக்கல," என்பாள். அம்மாவுக்கு அந்தப் பெயரின் கதை தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டாள் என்று நம்பத்தான் ஆசை. அண்ணி அப்போது குட்டிகளுக்குக் கீழே கோணியை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அது செத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்து, ஊர்வலம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. மேளமும் சரவெடியுமாகத் தெருவே அதிர்ந்தது. வேடிக்கை பார்க்க அம்மா கேட்டைத் திறந்தபோது ஒரு கட்டு வெடி வாசலிலேயே வெடித்தது. நாய் மிரண்டு அவள் காலுக்கிடையில் புகுந்து ஓடிவிட்டது. நான் ஏரிப் பக்கம் ஓடினேன், அண்ணி மெயின் ரோடு பக்கம் போனார். ஏரிக்கரை முழுக்க நான் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு அலைந்தேன். அரை மணி நேரம் கழித்து நான் வெறுங்கையோடு திரும்பியபோது அண்ணியும் வந்திருந்தார். "காணோம்," என்றார். முகமெல்லாம் வியர்வை. சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். அப்போதுதான் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் வந்து, "சார், உங்க வூட்டு நாய் மெயின் ரோட்டாண்ட அடிபட்டுக் கெடக்குது சார். தண்ணி லாரி," என்றார்.

கோணியில் சுற்றித் தூக்கிவந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மனிதர்களுக்கு அழுவது போலவே ராகம் போட்டு அழுதாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தப் பெயர் வந்தது. என் கண்ணே, என் செல்லமே, ஆசையா வளத்தேனே, அம்மாவ விட்டுப் போயிட்டியே என்று அவள் இழுக்க இழுக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அண்ணி கதவோரம் நின்று முழுவதையும் கேட்டார். பிறக்காத அவர் மகளுக்கு அன்றைக்கு ஊரே கூடி ஒப்பாரி வைத்தது. அது யாருக்கான ஒப்பாரி என்று அங்கே தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த காலிமனையில் குழி தோண்டப் போய்விட்டேன்.

சில வருடங்களில் எனக்குக் கல்யாணமாகிப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அண்ணி குழந்தையைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். எனக்கு அப்போது ஒரு பெருந்தன்மை பொங்கி வந்தது. என் முட்டாள்தனத்துக்கு அளவே இருந்ததில்லை. "அண்ணி, அந்தப் பேரையே இவளுக்கு வச்சிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "செத்துப்போன நாயோட பேரையெல்லாம் புள்ளைக்கு வைக்காதீங்க," என்றார். அந்த விஷயமாக அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன், போன மாதம் வரைக்கும்.

இப்போது நாங்கள் ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் இல்லை. அண்ணனும் அண்ணியும் மட்டும் அந்தப் பழைய வீட்டில் இருக்கிறார்கள். என் மகளுக்குப் பத்து வயது. பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர். போன மாதம் அவள் அடம்பிடித்து ஒரு நாய்க்குட்டி வாங்கிக்கொண்டாள். பெரியம்மா வந்துதான் பெயர் வைக்கவேண்டும் என்று நான்கு நாள் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி சானடோரியத்தில் ரயிலேறி, முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் மகள் குட்டியை அவர் மடியில் வைத்தாள். அது அவர் விரலைச் சப்பியது. "பாவம், பசி. பால் எடுத்துட்டு வாம்மா," என்று அவளை உள்ளே அனுப்பினார். அவள் போனதும், குட்டியின் காதைத் தடவியபடி, ரயிலில் கூட்டமாக இருந்தது என்று சொல்லும் குரலில் பேசினார்.

"அன்னிக்கு நாய் எனக்கு முன்னாடிதான் ஓடிக்கிட்டிருந்தது. ஒரு பத்தடி இருக்கும். இந்தா இந்தான்னு கத்தினேன். வெடிச் சத்தத்துல மிரண்டுபோய் நிக்கவே இல்ல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருக்கும். பாவம், அதுக்குத் தெரிஞ்சது அந்தப் பேர் ஒண்ணுதான். எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. மொத மொத அந்தப் பேரைச் சத்தமா கூப்பிடறது ஒரு நாயையான்னு இருந்துச்சு. கூப்பிடல. லாரி ஏறினதைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்து காணோம்னு சொன்னேன்."

"அண்ணி" என்று மட்டும் சொன்னேன், அல்லது சொன்னதாக நினைத்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க பேர்தான் வச்சீங்க. கொன்னது நானு," என்றார்.

மகள் கிண்ணத்தில் பாலோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். குட்டி நக்கி நக்கிக் குடித்தது. "சீக்கிரம் பேர் சொல்லுங்க பெரியம்மா, எவ்ளோ நாள் வெயிட் பண்றது?" என்றாள். அண்ணி அவள் தலையை வருடினார்.

"உங்கப்பாவைக் கேளும்மா. நாய்க்குப் பேர் வைக்கறதுல உங்கப்பா கெட்டிக்காரர்."

மகள் ஆசையோடு என் பக்கம் திரும்பினாள். அண்ணியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.