முதலில் யாரைச் சுடுவது

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம் லேப் சார் சாப்பிடப் போனால் சாவகாசமாகத்தான் திரும்புவார். அதற்குள் ஒன்றோடொன்று கேபிளில் இணைந்த கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து, அணிக்கு நாலு பேராகத் துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கண்ணில் பட்டவரையெல்லாம் சுடுவதாகத் தெரியும். அப்படிச் சுட்டால் தோல்விதான். ஆளுக்கு ஒருவரைச் சுட்டால் எதிரிகள் எல்லோருக்கும் காயம் படும், ஒருவரும் சாக மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒருவரையே சுட்டால் ஒரு துப்பாக்கி உடனே குறையும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் மூளை வேண்டும். பக்கத்தில் நிற்பவரா, அடிவாங்கி உயிர் ஊசலாடுபவரா, ராக்கெட் வைத்திருப்பவரா? விட்டுவைத்தால் யார் அதிக நாசம் செய்வாரோ அவரைத்தான் முதலில் சுட வேண்டும். அதனால் எங்கள் லேப்பில் முதலில் சாவது பெரிய மரியாதை.

எனக்கு அது கிடைக்கவே இல்லை. திரையில் நான் பச்சைக் கவசம் போட்ட ஒரு தடியன். ஆனாலும் பச்சை யாரென்று அறைக்கே தெரியும். எதிரணித் தலைவன் அன்னூர்க்காரன், என் வகுப்புதான். என்னைக் கண்டதும் பஸ்ஸில் பெண்களுக்கு வழிவிடுவது போல ஒதுங்கி, வேறு ஆளைத் தேடிப் போவான். நான் அவன் முதுகில் சுட்டால், "பரவால்லீங்க" என்பான். பற்றிக்கொண்டு வரும்.

என் அணிக்காரர்கள் அதற்கும் மேல். "அம்மணி, நீங்க முன்னால போங்க. உங்கள ஆரும் சுட மாட்டாங்க" என்று என்னைக் கேடயமாக்கிப் பின்னால் பதுங்கி வந்தார்கள். அப்படியே ஜெயிக்கவும் செய்தோம். எனக்கு அழுகைதான் வந்தது.

ஒருநாள் அன்னூர்க்காரனிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங்க, என்னைய மட்டும் ஏன் சுட மாட்டீங்கறீங்க?"

"பொம்பளப் புள்ளய எப்படிங்க சுடறது?" என்று நெளிந்தான். பிறகு பெரிய மனது பண்ணி, "செரீங்க, இனிமேல் சுடறனுங்க" என்றான். சொன்னபடி அடுத்த ஆட்டத்தில் என் எதிரே வந்து நின்று, "அம்மணி, சுடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். அதற்குள் நான் அவனைக் கொன்றுவிட்டேன். அந்தப் பையனை என்னதான் செய்வது!

அதன்பிறகு நான் கேட்கவில்லை. வகுப்பில்லாத நேரமெல்லாம் தனியாக உட்கார்ந்து பழகினேன். ராக்கெட் எந்த மூலையில் கிடைக்கும், படியில் இறங்குபவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதெல்லாம் கைக்கு வந்தது. அணிக்கு முன்னால் நடப்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் அன்னூர்க்காரனைத்தான் தேடிப் போனேன். அவர்களில் ஆபத்தானவன் அவன்தான்.

செமஸ்டர் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை, எதிரணியில் ஒருவரையும் நான் தலைதூக்க விடவில்லை. எதிர் வரிசையிலிருந்து அன்னூர்க்காரன் கத்தினான்.

"டேய், மத்தவங்கள உடுங்கடா! மொதல்ல அந்தப் பச்சையப் போட்டுத் தள்ளுங்க! உட்டா நம்மள்ல ஒருத்தனக்கூட உசுரோட வெக்காது!"

நாலு துப்பாக்கிகளும் என் பக்கம் திரும்பின. மூச்சுவிடுவதற்குள் செத்து விழுந்தேன். என் அணிக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். நான் செத்துக் கிடந்த பச்சைத் தடியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். என்னைச் சுட்ட அந்த நாலு பேரையும் அன்றைக்குப் பிடித்த அளவுக்கு அந்தக் கல்லூரியில் வேறு எவரையும் எனக்குப் பிடித்ததில்லை.